அழும் குழந்தையும் விசாரிக்கப்படும் தாயும்

ஒன்றரை மாதக் குழந்தை சாயங்காலம் வீறிட்டு அழ ஆரம்பித்தால், வீட்டில் எழும் முதல் கேள்வி தாயை நோக்கித்தான் வரும். “மத்தியானம் என்னத்தைச் சாப்பிட்டே?” அடுத்தது, “பால் பத்தலையோ?” அதற்கும் அடுத்தது, “வெளியே தூக்கிட்டுப் போனியா?” உருளைக்கிழங்கு சாப்பிட்டிருந்தால் வாயு, சரியாகச் சாப்பிடாவிட்டால் பால் சுரக்கவில்லை, வாசலில் நின்றிருந்தால் கண் பட்டுவிட்டது. என்ன பதில் சொன்னாலும் தப்பிக்க முடியாது. உரம் விழுந்திருக்கிறது என்பார் ஒருவர். தொக்கம் என்பார் இன்னொருவர். மாந்தம்தான் என்று முடிவுகட்டி ஓமம் வறுக்க அடுப்படிக்குப் போய்விடுவார் மூன்றாமவர். இத்தனையும் நடந்து முடிவதற்குள் இரவு ஒன்பது, பத்து மணிவாக்கில் குழந்தை தானாக அடங்கித் தூங்கிவிடும். கடைசியாக யார் என்ன செய்தார்களோ, பெயர் அவர்களுக்கு.

இந்த விசாரணையில் எவரும் கேட்காமல் விடுவது குழந்தைக்கு இன்றோடு எத்தனை வாரம் என்பதை. பிறந்து இரண்டு வாரம் வாக்கில் தலைகாட்டும் இந்த அழுகை, வாரத்துக்கு வாரம் கூடி, ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சிக்குப் போய், பிறகு இறங்கத் தொடங்கி, மூன்று நான்கு மாதங்களில் பெரும்பாலும் ஓய்ந்துவிடுகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் டி. பெர்ரி பிரேசல்டன் 80 குழந்தைகளின் தாய்மார்களை அன்றாடம் குறிப்பெழுதச் சொல்லி, 1962-ல் இதை முதன்முதலாகக் கணக்கோடு காட்டினார். நோய்நொடி இல்லாத குழந்தைகள் அவை. இரண்டாவது வாரத்தில் நாளொன்றுக்குச் சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம் அழுதவை, ஆறாவது வாரத்தில் இரண்டே முக்கால் மணி நேரம் அழுதன. அதிலும் பெரும்பகுதி மாலையிலும் முன்னிரவிலும். பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017-ல் வெளியான தொகுப்பாய்வும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது: முதல் ஆறு வாரங்களில் தினமும் சராசரியாக இரண்டு மணி நேரம், பத்து முதல் பன்னிரண்டாவது வாரத்துக்குள் அது ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டிய அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

வெள்ளைக்காரக் குழந்தைகளைத் தனி அறையில் தனித் தொட்டிலில் போட்டுவைப்பதால் அப்படி அழுகின்றன, மடியிலேயே வளரும் பிள்ளைக்கு இதெல்லாம் பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆப்பிரிக்காவின் கலஹாரி பாலைநிலத்தில் வாழும் குங் சான் மக்களிடம் குழந்தை நாள் முழுக்கத் தாயின் உடம்போடு ஒட்டியே இருக்கும். மணிக்குப் பல முறை பால் குடிக்கும். முனகினால் போதும், சில நொடிகளில் யாராவது கவனிப்பார்கள். அங்கே திரட்டிய பதிவுகளைக் கனடாவின் ரொனால்ட் பாரும் மானுடவியலாளர் மெல்வின் கானரும் சக ஆய்வாளர்களும் 1991-ல் அலசிப் பார்த்தார்கள். அந்தக் குழந்தைகளும் முதல் மூன்று மாதங்களில்தான் அதிகம் அழுதன. எத்தனை தடவை அழுதன என்பதிலும் மேற்கத்தியக் குழந்தைகளோடு பெரிய வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் அழுதன என்பதில்தான் வித்தியாசம். குங் குழந்தைகள் சீக்கிரம் ஓய்ந்தன. ஆக, இந்த ஏற்றம் வரத்தான் போகிறது. யார் வீட்டுச் சமையலும் அதைக் கொண்டுவரவில்லை. கைகள் இருந்தால் நேரம் குறையும், அவ்வளவே.

இந்த ஏற்றத்தின் மேல்முனையில் இருக்கும் குழந்தைகளுக்குத்தான் மருத்துவர்கள் ‘கோலிக்’ என்று பெயர் வைத்தார்கள். 1954-ல் மோரிஸ் வெசல் குழுவினர் வகுத்த கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாட்களுக்கு மேல், மூன்று வாரங்களுக்கு மேல். ஏன் சில குழந்தைகள் மட்டும் இவ்வளவு அழுகின்றன என்பதற்கு ஒற்றைக் காரணம் பிடிபடவில்லை. குடலில் வாயு, நுண்ணுயிரிகளின் கலவை, இன்னும் பக்குவப்படாத நரம்பு மண்டலம் என்று பல விளக்கங்கள். முகம் சிவப்பதும், காலை வயிற்றோடு மடக்குவதும், முஷ்டியை இறுக்குவதும், வாயு பிரிவதும் எந்த அழுகையிலும் வருபவை. அதைப் பார்த்து ‘வயிற்று வலி’ என்று தீர்ப்பெழுத முடியாது. அழுதபடி வாயைத் திறந்து காற்றை விழுங்கினால் வாயு பிறகு பிரியத்தானே செய்யும்!

தானாக இறங்கப்போகும் ஒன்றுக்கு எந்த மருந்தைக் கொடுத்தாலும் அது பலித்த மாதிரிதான் தெரியும். ஐந்தாவது வாரத்தில் கொடுக்கத் தொடங்கி பத்தாவது வாரத்தில் அழுகை குறைந்தால், பாட்டில் ஜெயித்துவிடுகிறது. கிரைப் வாட்டரின் நீண்ட ஆயுளுக்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் 1851-ல் விற்கத் தொடங்கிய அந்தத் தண்ணீரில் சோடா உப்பும் சதகுப்பை எண்ணெயும் சர்க்கரையும் இருந்தன, சாராயமும் இருந்தது. குழந்தை அடங்கியதில் சாராயத்துக்கு எவ்வளவு பங்கு என்று அந்தக் காலத்துப் பாட்டிகள் யாரும் கேட்கவில்லை. பிரிட்டனில் அதிலிருந்து சாராயம் நீக்கப்பட்டது 1990-களில்தான். இன்றைய பாட்டிலில் அது இல்லை. ஆனால் நம்பிக்கை அப்படியே இருக்கிறது. புதுச்சேரியில் ஒன்று முதல் ஆறு மாதக் குழந்தைகளின் தாய்மார்களிடம் நடத்தி 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் கிரைப் வாட்டர் குடித்துக்கொண்டிருந்தன. அதனால் அழுகை குறைந்ததாகத் தெரியவில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம் என்று சுவரெல்லாம் எழுதிவைத்திருக்கும் ஊர் இது.

சில கைவைத்தியங்களை, நம்பிக்கை சார்ந்தவைதானே என்று சும்மா விட்டுவிடலாம். கண்ணேறு கழிக்க உப்பும் மிளகாயும் சுற்றிப்போடுவதால் யாருக்கும் கேடில்லை. வீட்டிலுள்ளவர்களுக்கு ஏதோ செய்தோம் என்ற ஆறுதலாவது கிடைக்கிறது. வசம்பு உரைத்துக் கொடுப்பதை அப்படி விட முடியாது. அதில் நஞ்சான பொருள் உண்டு. தவிர, உரைகல்லிலிருந்தும் கையிலிருந்தும் கிருமி போகும். ஒரு வயதுக்குள் தேன் தொட்டுவைப்பதும் ஆபத்து. உரம் எடுக்கிறேன் என்று குழந்தையைச் சேலையில் போட்டு இரண்டு பேர் உருட்டுவதையும் குலுக்குவதையும் இனியாவது நிறுத்த வேண்டும். கழுத்து நிற்காத குழந்தை அது. மருந்துக்கடைக்காரரும் இந்தப் பட்டியலில் வருவார். டைசைக்ளோமின் கலந்த வயிற்றுவலிச் சொட்டுமருந்து ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாதது. மூச்சுத்திணறல் வரை போன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. சீட்டு இல்லாமல் கேட்பதும், சீட்டு இல்லாமல் கொடுப்பதும் இரண்டுமே தப்பு.

எல்லாவற்றையும்விடப் பெரிய சேதம் “பால் பத்தலை” என்ற இரண்டு சொற்களால் நடக்கிறது. மாலையில் குழந்தை மார்பைக் கவ்வும், விடும், அழும், மறுபடி கவ்வும். அந்த நேரத்தில் மார்பும் காலையில் இருந்த கனத்தோடு இருக்காது. பார்க்கிறவர்களுக்கு அது பசியாகத்தான் படும். ஒரு பால்பவுடர் டப்பா வீட்டுக்குள் வரும். புட்டிப்பால் குடித்த குழந்தை அந்த அளவுக்கு மார்பில் குறைவாகக் குடிக்கும். குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும் என்பதால், குறைவாகக் குடிக்கச் சுரப்பும் குறையும். இரண்டு மூன்று வாரத்தில் “அப்பவே சொன்னேனே” என்பது உண்மையாகிவிடும். இல்லாத பற்றாக்குறையை நாமே உண்டாக்கி அதை நிரூபித்தும் காட்டுகிறோம். பால் போதுமா என்பதற்கு அழுகை சரியான அளவுகோலே இல்லை. நாளொன்றுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் நன்றாகப் போகிறதா, முதல் மூன்று மாதங்களில் எடை தினமும் 20 முதல் 30 கிராம் வரை கூடுகிறதா என்று பாருங்கள். இவை சரியாக இருந்தால், மாலை முழுக்க அழுதாலும் குழந்தை பட்டினி கிடக்கவில்லை.

சரி, அழும்போது என்னதான் செய்வது? பெரிய ரகசியம் எதுவும் இல்லை. துணி நனைந்திருக்கிறதா, பசியா, புழுக்கமா என்று பார்த்துவிட்டுத் தூக்கி நடக்க வேண்டும். மாண்ட்ரியலில் 1986-ல் நடந்த ஆய்வில், அழாத நேரத்திலும் கூடுதலாகத் தூக்கிவைத்திருந்த குழந்தைகள் ஆறாவது வாரத்தில் 43 சதவீதம் குறைவாக அழுதன. ஜப்பானின் ரிக்கன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த குமி குரோடாவின் குழு 2022-ல் இன்னும் துல்லியமாகச் சொன்னது: அழும் குழந்தையை நிற்காமல் ஐந்து நிமிடம் தூக்கிக்கொண்டு நடந்து, தூங்கிய பிறகு ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியில் வைத்து உட்கார்ந்திருந்து, அதன் பிறகு படுக்கவைத்தால் விழிக்காமல் தூங்கும் வாய்ப்பு அதிகம். மொட்டைமாடியில் நடைபோடும் தாத்தாக்களுக்கு இதில் புதிதாக ஏதுமில்லை. உட்கார வேண்டிய அந்தச் சில நிமிடங்களைத்தான் பலர் தவறவிடுகிறார்கள், கீழே போட்ட கணமே குழந்தை விழித்துக்கொள்கிறது. தூளியில் ஆட்டுவதும் உதவும், ஆள் பக்கத்தில் இருக்கும்வரை. “தூக்கித் தூக்கிக் கைச்சூடு பழகிடும்” என்ற பயம் வேண்டாம். இரண்டு மாதக் குழந்தைக்கு அந்த அளவுக்குச் சூது தெரியாது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கோலிக் என்று சொல்லப்படும் அளவுக்கு அழத் தொடங்கிவிட்ட குழந்தைகளிடம் இதே ‘கூடுதலாகத் தூக்கும்’ முறையைப் பின்னர் சோதித்தபோது பலன் கிடைக்கவில்லை. சில குழந்தைகள் எது செய்தாலும் அழும். தூக்கியும் அழுகிறது என்றால் தூக்கத் தெரியவில்லை என்று பொருள் கொள்ள வேண்டாம்.

எல்லா அழுகையையும் சாதாரணம் என்று விடவும் முடியாது. அதிகம் அழுகிறது என்று மருத்துவரிடம் கொண்டுவரப்படும் குழந்தைகளில் உடலில் கோளாறு இருப்பது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. அந்த ஐந்தைத் தவறவிடக் கூடாது. மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொடும் காய்ச்சல், பச்சையாக வாந்தி, பால் குடிக்க மறுப்பது, உச்சிக்குழி புடைத்து நிற்பது, வலிப்பு, துவண்டு கிடப்பது, வழக்கத்துக்கு மாறான கீச்சென்ற அல்லது ஈனக்குரல் அழுகை: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தடுப்பூசி போட்ட அன்று வரும் காய்ச்சல் தனி. அதற்கு என்ன செய்வதென்று செவிலியர் சொல்லியிருப்பார். உடையை முழுக்கக் கழற்றிப் பார்ப்பது நல்லது. தொடையிடுக்கில் வீக்கம் இருந்தால் குடலிறக்கமாக இருக்கலாம். விரல்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிள்ளை பெற்ற சில மாதங்களில் தாய்க்கு முடி கொத்தாக உதிரும். அதில் ஓர் இழை குழந்தையின் கால்விரலில் சுற்றி இறுகி, விரல் கருத்துப்போகும் அளவுக்குச் சென்றதுண்டு.

தாயைப் பற்றிப் பேச இன்னும் இருக்கிறது. வேலூர் அருகே கிராமப்புறப் பெண்களிடம் நடத்தி 2002-ல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, பேறுகாலத்துக்குப் பின் நூற்றில் பதினொரு பெண்களுக்குப் புதிதாக மனச்சோர்வு வந்ததாகக் கண்டது. எவற்றோடு அது சேர்ந்து வந்தது என்றும் பட்டியல் தந்தது: வறுமை, ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கையில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உள்ள பிணக்கு, கர்ப்பகாலத்தில் நேர்ந்த துயரங்கள். அந்தப் பட்டியலின் கடைசியில் ஒன்று: கைவேலைக்கு ஆள் துணை இல்லாமை. தலைப்பிரசவத்தைத் தாய்வீட்டில் வைத்த வழக்கம் இந்த ஒன்றைத்தான் தீர்த்தது. எட்டுக் கைகள் மாற்றி மாற்றித் தூக்கின, பெற்றவள் தூங்கினாள். சென்னையிலோ பெங்களூரிலோ அடுக்குமாடியின் ஏழாவது தளத்தில் அந்த எட்டுக் கைகளுக்குப் பதிலாக, மூட்டுவலியோடு ஊரிலிருந்து வந்த அம்மா ஒருத்தி இருக்கிறார். விசாரணை மட்டும் வீடியோ அழைப்பில் எட்டுப் பேரிடமிருந்தும் தவறாமல் வருகிறது.

தூக்கம் கெட்டு, குற்றம் சுமந்து, இரண்டு மணி நேரம் அடங்காத அழுகையைக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு ஒரு கணம் வெறி வரும். தாய்க்கும் வரும், தந்தைக்கும் வரும். அதை வெளியே சொல்ல நம் வீடுகளில் இடம் கிடையாது. அந்தக் கணத்தில் குழந்தையைப் பிடித்து உலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியலாம் என்று பிரிட்டிஷ் நரம்பியல் அறுவை மருத்துவர் நார்மன் கத்கெல்க் 1971-ல் எழுதினார். அப்படி உலுக்கப்பட்டு மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளின் எண்ணிக்கை, வயதை வைத்துப் பார்த்தால், அழுகையின் ஏற்ற இறக்கத்தைச் சில வாரங்கள் பின்தங்கி அப்படியே பின்தொடர்கிறது. ஆகவே ஒவ்வொரு பெற்றோருக்கும் சொல்லப்பட வேண்டிய அறிவுரை ஒன்று உண்டு: தாங்க முடியாமல் போனால் குழந்தையைத் தரையில் விரித்த பாயில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, பத்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். பத்து நிமிட அழுகையால் எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது. “அழுற புள்ளையைப் போட்டுட்டுப் போறவளும் ஒரு தாயா?” என்று கேட்கும் அத்தையிடம், ஆமாம், நல்ல தாய்தான் என்று பதில் சொல்ல யாராவது வேண்டும்.

அந்த யாராவது, பொதுச் சுகாதாரத் துறையாக ஏன் இருக்கக் கூடாது? மத்திய அரசின் வீடு தேடிச் செல்லும் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தில், மருத்துவமனையில் பிறந்த குழந்தையைப் பார்க்க வேண்டிய நாட்கள் 3, 7, 14, 21, 28, 42. கடைசி வருகை 42-ம் நாள். சற்றே வளர்ந்த குழந்தைகளுக்கான அடுத்த திட்டத்தின் வருகைகள் மூன்றாவது மாதத்தில்தான் ஆரம்பிக்கின்றன. காகிதத்தில் பார்த்தால் ஒழுங்காகத்தான் இருக்கிறது. அழுகை உச்சத்தைத் தொட்டு இறங்கும் வாரங்கள் பெரும்பாலும் அந்த இடைவெளியில் விழுகின்றன. தொற்றும் எடைக்குறைவும் குழந்தையைக் கொல்லும் என்பதால் அவற்றைக் கணக்கில் வைத்துத் திட்டம் வகுத்தார்கள். அதில் பிழை சொல்ல முடியாது. குழந்தை இறப்பை இவ்வளவு குறைத்த, பிரசவங்களில் 99 சதவீதத்துக்கு மேல் மருத்துவமனையில் நடக்கும் தமிழ்நாடு அடுத்த படிக்குப் போகலாமே என்றுதான் கேட்கிறேன்.

அழுகையைப் பற்றிப் பெற்றோருக்கு முன்கூட்டிச் சொல்வதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்பதும் தெரிந்ததே. நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதி மருத்துவமனைகளில் குழந்தையை உலுக்கக் கூடாது என்று பெற்றோருக்குச் சொல்லிக் கையெழுத்து வாங்கி அனுப்பியதில், உலுக்கப்பட்ட குழந்தைகளின் விகிதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 2005-ல் அந்த முடிவு வெளியானது. அந்த முயற்சியை நடத்திய மருத்துவர் மார்க் டயஸ் அதைப் பென்சில்வேனியா மாநிலம் முழுக்க விரித்தபோது அந்தக் குறைவு கிடைக்கவில்லை என்று 2017-ல் அவரே எழுதினார். பேறு முடிந்த மறுநாள், தையல் வலியோடும் உறவினர் கூட்டத்தோடும் இருக்கையில் சொன்னது ஆறு வாரம் கழித்து எத்தனை பேருக்கு நினைவிருக்கும் என்பது என் சந்தேகம். தேவைப்படும் வாரத்தில் சொல்ல வேண்டும். தேவைப்படுவோருக்கும் சொல்ல வேண்டும். தாய்க்கு மட்டும் சொன்னால், அது அவள் வீட்டில் போராட வேண்டிய இன்னொரு வாதமாகிவிடும்.

அப்பாக்கள் இந்தப் படத்திலேயே இல்லை. தாய்வீட்டுப் பிரசவத்தின் மறுபக்கம் அது: அழுகை ஏறி இறங்கும் மூன்று மாதமும் குழந்தை அம்மாச்சி வீட்டில், அப்பா ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போவார். அழும் பிள்ளையை அமர்த்தும் பயிற்சி அவருக்குக் கிடைப்பதேயில்லை. மத்திய அரசின் ஆண் ஊழியர்களுக்குப் பதினைந்து நாள் தந்தைமை விடுப்பு உண்டு; நாடு முழுமைக்குமான சட்டம் கிடையாது. மகப்பேறு விடுப்பு 2017-ல் 26 வாரமானது, தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021-ல் ஓராண்டானது. வரவேற்கத்தக்கவைதான். ஆனால் விடுப்பெல்லாம் தாய்க்கே போகும்போது, இரவுகளும் அவளுக்கே என்று சட்டமே எழுதிவைத்த மாதிரி ஆகிவிடுகிறது.

சட்டம் வரட்டும், மெதுவாக. அதுவரை செய்யக்கூடிய ஒன்று கையிலேயே இருக்கிறது. ஊர் வழக்கில் ‘நாற்பத்தஞ்சு நாள் ஊசி’ எனப்படும் ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் வருகின்றன. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் புதன்கிழமை அன்று பென்டாவேலன்ட், போலியோ, ரோட்டா, நியூமோகாக்கல் எல்லாம் போட்டு முடித்தபின், ஒவ்வாமை ஏதும் வருகிறதா என்று பார்க்க அரை மணி நேரம் உட்காரவைக்கிறார்கள். அழுகை உச்சத்தில் இருக்கும் அதே வாரம். வரிசையாக இருபது தாய்மார்கள், கூடவே அம்மாச்சிகளும் அப்பத்தாக்களும். அந்த அரை மணியில் கிராமச் சுகாதாரச் செவிலியர் நாலு வார்த்தை பேசலாம்: இது உச்சம், இன்னும் சில வாரத்தில் இறங்கும், பால் பவுடர் வாங்காதீர்கள், சொட்டுமருந்து வேண்டாம், தாங்க முடியாவிட்டால் பாயில் போட்டுவிட்டு வெளியே போங்கள், மனசு சரியில்லை என்றால் மனநல உதவி எண்ணான 14416-க்குப் பேசுங்கள். மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ வினாப்பட்டியலின் தமிழ் வடிவமும் சரிபார்க்கப்பட்டு வெகு காலமாகத் தயாராக இருக்கிறது. பத்தே கேள்விகள்தான், உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நிரப்பிவிடலாம். புதிய கட்டடம் வேண்டாம், புதிய பணியிடம்கூட வேண்டாம். பேசத் தொடங்குவதற்கு முன், வெளியே பைக்கின் மேல் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாக்களையும் உள்ளே கூப்பிட்டுக்கொள்ள வேண்டும்.